பிரிண்ட் எடுக்கப் போன கடையில் வாட்ஸ்அப் திறந்தே கிடந்தது

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள்.

மகனின் பாஸ்போர்ட் வேலைக்காக என் லாத்தா (அக்கா) ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். ஆதார், மார்க் ஷீட் எல்லாம் அவருடைய வாட்ஸ்அப்பில் இருந்தன. கடைப் பையன் போனின் லாக்கைத் திறந்து தரச் சொல்லி வாங்கினான். கம்ப்யூட்டரில் தெரிந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, லாத்தாவின் வாட்ஸ்அப்பை அங்கேயே திறந்து, எல்லாவற்றையும் இறக்கி பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். காசும் வாங்கிக்கொண்டான். லாக் அவுட் மட்டும் செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக லாத்தாவிடம் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து துபாயில் இருக்கும் மச்சானுக்கு லாத்தாவின் எண்ணிலிருந்தே மெசேஜ். "உம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. இப்ப பேச முடியாது. இந்த நம்பருக்குப் பணம் போடுங்க." தெரியாத நம்பராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். இது மனைவியின் எண், நேற்றுப் பேசியதற்கு நேர் கீழே வந்திருக்கிறது. 35,000 ரூபாய் அனுப்பிவிட்டார். ராத்திரி போனில் பேசும்போதுதான் விஷயம் தெரிந்தது. லாத்தாவின் போனில் அந்த மெசேஜையே காணோம், அழித்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. லாத்தா வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. இப்படி இணைத்துவிட்டால், நம் போனை அணைத்து வைத்தாலும் அங்கே மெசேஜ் போய் வரும்.

கடையில் போய்க் கேட்டோம். "எத்தனையோ பேர் வந்து உக்கார்றாங்க, யார் பண்ணான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பாத்து மூடியிருக்கணும்" என்றார் முதலாளி. அவர் பேசும்போதே திரையில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்திருந்தது. ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் என்று வரிசையாக அப்படியே கிடந்தன. போன பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம். இ-ஆதார் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் உண்டே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்ட். பக்கத்திலேயே மார்க் ஷீட் கிடந்தால் அதைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எந்தக் கடையிலும் வாட்ஸ்அப்பை இணைக்க விடாதீர்கள். தேவையான ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்புங்கள். பிரிண்ட் வந்ததும், அழித்த ஃபைல் போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின் உட்பட உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரையும் ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், பல வேலைகளுக்கு அது போதும்.

பணம் போயிருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அடுத்தடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் பேங்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அன்று ராத்திரியே சொல்லிவிட்டு, அப்புறம் ராமநாதபுரம் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஃபோல்டரைப் பற்றியும் புகாரில் எழுதியிருக்கிறோம்.