நீலப் பரல்: ஏழு மாரி பார்த்த பிறகு

கிளிநொச்சியில் பழைய பரல், கான், உரப்பை விற்கிற கடை ஒன்றில் 2019 பங்குனியில் இதை வாங்கினேன். 60 லீற்றர் நீலப் பரல். முழு வாயும் திறக்கிற மூடி, மூடிக்குள் இறப்பர் வளையம், வெளியே கொண்டியை இழுத்து இறுக்குகிற இரும்புப் பட்டி. கேட்டது 2,000, கொடுத்தது 1,750. கடைக்காரத் தம்பி, “அக்கா, தண்ணி பிடிக்கவோ, நெல்லுப் போடவோ?” என்று கேட்டான். “காணிப் பத்திரம் போட” என்றேன். சிரித்தான். அவனுடைய வீடு மேட்டுக்காணியில் இருக்க வேண்டும்.

எங்களுடையது முரசுமோட்டையில், பள்ளக்காணி. இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று வயல் வழியே பரவித்தான் சுண்டிக்குளத்துக்குப் போகும். 2018 டிசம்பர் 21 இரவு அப்படித்தான் வந்தது. குளத்தைத் திருத்தி, 36 அடி கொள்ளும்படி உயர்த்தி, அந்த மாதம்தான் திறந்துவைத்திருந்தார்கள். நிறைந்து நின்ற குளத்துக்கு மேல் விடிய விடிய மழை. நான் கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தபோது முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. அலுமாரியின் அடி லாச்சியில்தான் எல்லாப் பத்திரங்களும் இருந்தன. அடி லாச்சி! காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், என் வீட்டுக்காரருடைய அடையாள அட்டை. மூன்றாம் நாள் திரும்பி வந்து இழுத்தபோது லாச்சி வரவில்லை, ஊதியிருந்தது. உடைத்துத் திறந்தால் உள்ளே கூழ்.

பிறப்புச் சான்றிதழ்களைப் பிரதேச செயலகத்தில் சுலபமாக எடுத்துவிட்டோம். அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலரின் கடிதம், புதுப் படம் என்று அலைந்தோம். காணிப் பத்திரத்தின் பிரதிக்குத்தான் ஏழு மாதம். ஓர் அலுவலகத்தில் ‘பழைய இலக்கம் தெரியாமல் கோப்பைத் தேட முடியாது’ என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். இலக்கம் அந்தக் கூழுக்குள் இருந்தது. ஆகவே இந்த மதிப்பீட்டில் பரலுக்கு நான் கொஞ்சம் பக்கச்சார்பாகப் பேசினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, சாமானுக்கு வருவோம்.

முதல் குறை மணம். பழைய பரல்கள் முன்னர் எதையோ சுமந்து வந்தவை. என்னுடையது வினாகிரி என்று கடையில் சொன்னார்கள், மூக்கும் ஒத்துக்கொண்டது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஒரு கிழமை வெயிலில் கவிழ்த்து வைத்தும் முதல் வருடம் போட்ட அரிசி லேசாகப் புளித்த மணம்தான். இரசாயனம் வந்த பரல் என்றால் சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம். மூடியைத் திறந்து மணந்து பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர் போகாது என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்துவிடாதீர்கள். நான் உள்ளே நான்கு பழைய பேப்பரை விரித்துப் போட்டு, பாதிக்குக் கல் நிரப்பி, மூடி இறுக்கி, வீட்டுக்கு முன்னால் உள்ள வாய்க்காலில் சரித்து, பூவரசில் கட்டி ஓர் இரவு விட்டேன். காலையில் திறந்தால் மூடிப் பக்கத்துப் பேப்பர் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரம். பரல் நல்லது, இறப்பர் வளையம்தான் காய்ந்து சப்பையாகப் போயிருந்தது. இவர் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி வளையத்துக்குக் கீழே வைத்து இறுக்கினார். அடுத்த இரவு பேப்பர் மொறுமொறு என்று இருந்தது. அந்த ரியூப்பை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறோம்.

மூன்றாவது விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை: பரல் மிதக்கும். 60 லீற்றர் பரல், பரலும் சாமானும் சேர்ந்து 60 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மிதக்கத்தான் செய்யும். நனையாது, ஆனால் போய்விடும். பக்கத்து வளவு அக்கா எங்களைப் பார்த்து வாங்கிய பரல் டித்வா புயல் வெள்ளத்தில் அப்படித்தான் போனது. இறுக்கி மூடியிருந்தா, கட்டவில்லை. நாங்கள் தென்னையில் கட்டியிருந்தோம். முருங்கையில் கட்டாதீர்கள், முறியும். கயிற்றை ஒட்டக் கட்டாமல் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தளர்வு விட வேண்டும், தண்ணீர் ஏற ஏறப் பரலும் ஏறுவதற்கு. ஒட்டக் கட்டினால் தண்ணீருக்கு அடியில் நின்று மூடி நெரிபடும். பாரமான அரிசியை அடியில் போட்டால் நேராக மிதக்கும், புரண்டு கவிழாது.

இதெல்லாம் 2025 நவம்பரில்தான் உண்மையாகச் சோதனைக்கு வந்தது. மகளுக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். 27ஆம் திகதி பரீட்சையை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தபோதே இவர், “பரலை எடு” என்றார். மறுநாள் டித்வா. கோயில் ஒலிபெருக்கியில் பள்ளக்காணிக்காரரை வெளிக்கிடச் சொல்லி அறிவித்தபோது எங்களுக்கு மிச்சம் இருந்த வேலைகள் மூன்றுதான்: மெயின் சுவிட்சை நிறுத்துவது, காஸ் சிலிண்டரை மூடுவது, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுவது. கடைசியை மறந்துவிடாதீர்கள். கட்டி நின்ற மாடுகள் கட்டையிலேயே செத்ததை 2018இல் பார்த்தோம். அவிழ்த்து விட்ட மாடு மேட்டைத் தேடிப் போகும். எங்களுடையவை ஐந்தும் நான்கு நாள் கழித்துத் தாமாகவே வந்தன, ஆறாவதாக யாருடையதோ ஒன்றையும் கூட்டிக்கொண்டு.

பரலின் உண்மையான குறை, முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் இரவில்தான் தெரிந்தது. பரல் வீட்டில், தென்னையோடு. அம்மாவின் பிரஷர் குளிசையும் கிளினிக் கொப்பியும் பரலுக்குள். பத்திரமாக இருந்தன, மிகப் பத்திரமாக. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் மடியில் இருந்த துணிப்பையைத் தட்டினா. அந்தப் பை 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு செட்டிகுளம் முகாமில் கம்பிக்குள் இருந்த காலத்திலும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத பை. எத்தனை இடம்பெயர்வு, ஒரு துண்டுக் காகிதம் துலையவில்லை. பிறகு ஊருக்கு வந்து, வீட்டுத்திட்ட வீடு கட்டி, அலுமாரி வாங்கி, பத்திரத்தை லாச்சியில் வைக்கிற ஆட்களாக நாங்கள் மாறிவிட்டோம். வன்னிச் சனத்துக்கு வெளிக்கிடுவதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை, மறந்ததை ஞாபகப்படுத்தினால் போதும்.

ஆகவே இப்போது பரலுக்குள் கடைசியாக, மேலே, ஒரு சின்னப் பை. மழை பெலத்தால் பரலில் இருந்து அந்தப் பை என் தோளுக்கு மாறும். பரல் வீட்டோடு நிற்கும். பையில் அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக் குளிசை, மகளின் பரீட்சை அனுமதி அட்டை, கொஞ்சம் சில்லறைக் காசு, ரோச், நப்கின் பைக்கற், இரண்டு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) பைக்கற். பிறகு ஒரு கடதாசியில் பேனையால் எழுதிய போன் இலக்கங்கள்: சொந்தக்காரர், கிராம அலுவலர், அனர்த்த முகாமைத்துவத்தின் 117, அம்புலன்சுக்கு 1990. டித்வாவில் சிக்னலும் போய், போனில் சார்ச்சும் போன பிறகு மைத்துனியின் இலக்கம் எங்களில் ஒருவருக்கும் மனப்பாடம் இல்லை. இரவல் போன் கிடைத்தாலும் யாருக்கு எடுக்கிறது?

பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு. சமைத்த சாப்பாடு வந்தது, குறை சொல்ல மாட்டேன். மலசலகூடத்துக்கு வரிசைதான் வரிசை. மூன்றாம் நாள் வட்டக்கச்சியில் மைத்துனி வீட்டுக்குப் போனோம். போவதற்கு முன் கிராம அலுவலரிடம் பெயர் பதிந்து, எங்கே போகிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனோம். பரல் போன அதே அக்கா முகாமுக்கு வராமல் நேரே தமக்கை வீட்டுக்குப் போனா, யாருக்கும் சொல்லவில்லை. உலர் உணவுப் பட்டியலில் பெயர் இல்லை. பிறகு சேர்த்தார்கள், ஆனால் எத்தனை நடை. சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் நீங்கள் இடம்பெயர்ந்தவர்தான், அதை கிராம அலுவலர் அறிய வேண்டும்.

திரும்பி வந்த நாள் பரல் தென்னையில் சாய்ந்து, சேற்றுக்குள் பாதி புதைந்து நின்றது. கொண்டி துருப்பிடித்து இறுகிவிட்டது, அலவாங்கால் தட்டித்தான் திறந்தேன். உள்ளே அரிசி, பருப்பு, தீப்பெட்டி, இரண்டு சோடி உடுப்பு, காணிப் பத்திரம். பத்திரத்தை விரித்து மணந்து பார்த்தேன். வினாகிரி. எனக்கு அன்று அதைவிட நல்ல மணம் இல்லை.

வீட்டைக் கழுவத் தொடங்கும் முன் போனில் படம் எடுத்தோம்: சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மெத்தை, தையல் மெசின், குசினி. அவசரத்தில் எல்லோரும் முதலில் தும்புத்தடியைத்தான் தூக்குவார்கள். பதிய வருகிறவருக்குக் காட்டச் சேறு இருக்க வேண்டும், அல்லது சேற்றின் படம் இருக்க வேண்டும். வீடு துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாய்க்கும் பெயர்ப் பட்டியல்தான் அடிப்படை. மெத்தையைத் தடியால் புரட்டிவிட்டுப் பிறகு தொடுங்கள். எங்கள் மெத்தைக்குக் கீழே விரியன் ஒன்று எங்களைவிடச் சுகமாக இருந்தது. கிணற்றை இறைத்துக் குளோரின் போடும் வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. வயலுக்குள் இறங்க வேண்டியிருந்த இவர், எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பான டொக்சிசைக்கிளினை பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு வாங்கினார். கேட்காமல் இருந்தால் வீடு தேடி வந்திருக்குமோ தெரியாது. நெல் அழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தோம். அதன் கதை இன்னும் முடியவில்லை.

காலியான பரலைக் கழுவி, பவுசர் வரும் நாட்களில் குடிதண்ணீர் பிடித்தோம். பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் பாலம் உடைந்து, இந்தியாவில் இருந்து வந்த 120 அடி பெய்லி பாலத்தைப் பொருத்தும் வரை போக்குவரத்து சீராக இல்லாத காலம் அது. அந்த வேலைக்கும் பரலின் அகன்ற வாய் நல்லது, கை விட்டுத் தேய்க்கலாம். ஒடுங்கிய வாய்ப் பரல் வாங்கினவர்கள் வருந்தினார்கள்.

ஒட்டுமொத்தமாக ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழித்த ஒன்று இரும்புப் பட்டிக்கு. 2023இல் வேறொரு கடையில் இரண்டாவது பரல் வாங்கினேன், 4,200 ரூபாய். பட்டி மூன்றாம் மாதமே கையோடு வந்துவிட்டது, மாற்றித்தரக் கேட்டால் “பாவிச்ச சாமான்” என்றார்கள். அது இப்போது மாட்டுத் தண்ணீருக்கு.

தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு 60 லீற்றர் வேண்டாம். நிறைத்த பிறகு அசைக்க இரண்டு ஆள் தேவை. 30 லீற்றரும் கடைகளில் இருக்கிறது, பத்திரத்துக்கும் பத்து கிலோ அரிசிக்கும் அது காணும். வாங்கினால் புரட்டாசிக்குள் வாங்கி, வாய்க்காலில் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். ஐப்பசியில் போனால் கடையில் பரல் இருக்காது, இருந்தாலும் விலை கேட்கிற மாதிரி இருக்காது.