சொந்தக் காரா, பள்ளிக் காரா? டிராக்கில் ஓட்டப் பழகியவனின் கணக்கு

"சார், ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஓட்டினீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

கேட்டதில் நியாயம் இருந்தது. என் காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. முன்சக்கர பிரேக் பேட் பாதிக்கு மேல் மிச்சம். பின்னால் இருந்தவை கருகிக் கிடந்தன. அதிலும் வலது பின்சக்கரத்தில் இரும்புத் தகடு எட்டிப் பார்க்கும் நிலைமை. என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் சின்ன ஹேட்ச்பேக். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், முன் பேட்தான் முதலில் தேயும். இங்கே எல்லாம் தலைகீழ்.

ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன். பின்னே ஏன் இப்படி என்று புரிய ஒரு வாரம் ஆனது. பந்தய டிராக்கில் பழக சொந்தக் காரே மேல் என்று நான் பேசுவதற்குக் காரணமே அந்த வலது பின் பேட்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

டிராக்கில் வேகமாக ஓட்டப் பழக நான்கு வழி உண்டு: பந்தயப் பள்ளியின் கார், சொந்தக் கார், கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி, வீட்டில் உட்கார்ந்து திரையில் ஓட்டும் சிமுலேட்டர். நான்கையும் தொட்டிருக்கிறேன், சரிசமமாக இல்லை. சொந்தக் காரில் பதினோரு நாள், பள்ளிக் காரில் இரண்டே நாள். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

கார்ட்டையும் சிமுலேட்டரையும் சீக்கிரம் முடித்துவிடலாம். கார்ட் அருமையான பள்ளிக்கூடம். ஃபார்முலா 1 சாம்பியன்கள் செனா, ஷூமாக்கர், வெர்ஸ்டாப்பன் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அதில் சஸ்பென்ஷனும் இல்லை, வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின் அச்சு ஒரே தண்டு. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஒரு டன் எடையுள்ள கார் முன்னும் பின்னும் சாய்வதை, அந்தச் சாய்வை வைத்து வளைவில் விளையாடுவதை, கார்ட் சொல்லித்தராது. சிமுலேட்டர் டிராக்கை மனப்பாடம் செய்ய நல்லது. எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு என்று தெரிந்துகொண்டு போனால் முதல் நாள் காலை வீணாகாது. ஆனால் பின்பக்கம் நழுவுவதை முதலில் சொல்வது இடுப்பு. வீட்டு நாற்காலியில் அந்தச் சேதி வராது. இரண்டுமே துணைப்பாடம்தான்.

இனி பள்ளிக் கார். அதன் நல்லதை மறைக்க முடியாது. ஹெல்மெட்டோடு போய் இறங்கினால் போதும். டயர், பேட், ஆயில், பெட்ரோல் எல்லாம் அவர்கள் பாடு. சில பள்ளிக் கார்களில் பயிற்றுநர் பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். அது தரும் தைரியமே தனி. தண்ணீர் ஊற்றிய வழுக்குத்தளத்தில் காரை வேண்டுமென்றே சுழல விட்டுப் பிடிக்கப் பழகலாம். சொந்தக் காரில் நான் அதைச் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். ஒரே காலையில் அங்கே மூன்று முறை முழுவட்டம் சுழன்றேன், நான்காவது முறை பிடித்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இன்னொரு முறை பணம் கட்டுவேன். விபத்து நடந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள். "எங்கள் கார்" என்பதற்கு "எங்கள் செலவு" என்று அர்த்தமில்லை.

அப்படியிருந்தும் பள்ளிக் காரில் ஒரு குறை. அன்று சாயங்காலம் நான் திரும்பும்போது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது, மனசு நிறைய பெருமை இருந்தது. நான் ஓட்டிய ஓட்டத்தின் தடயம் எதுவும் இல்லை. தடயமெல்லாம் அந்தக் காரில் தங்கிவிட்டது. அதன் பேட்டை மாற்றியவர் வேறு யாரோ. அதற்குள் பத்துப் பேர் ஓட்டியிருப்பார்கள், எந்தத் தேய்மானம் யாருடையது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

சொந்தக் கார் அப்படி விடாது. நீங்கள் செய்த தப்பு ஒவ்வொன்றையும் உலோகத்திலும் ரப்பரிலும் எழுதி வைத்துக்கொள்ளும். கூடவே பில்லையும் நீட்டும்.

முதலில் பில். டிராக்கில் சொந்தக் காரைக் கொல்வது இன்ஜின் வேகம் அல்ல, சூடு. அதிலும் பிரேக் சூடு. ஆளோடு சேர்த்து 1100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பாதிதான் குறைந்தது, ஆனால் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விட்டது. ஏறத்தாழ 620 கிலோஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான சூடு, நாலைந்து விநாடிக்குள் பிரேக் டிஸ்க்கிலும் அதைக் கவ்வும் பேட்டிலும் இறங்குகிறது. ஒரு லேப்பில், அதாவது டிராக்கின் ஒரு சுற்றில், இப்படி ஐந்து இடம், இருபது நிமிட செஷனில் எட்டு லேப் என்றால் எண்பது லிட்டர். சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் அந்தச் சூடு இவ்வளவு சின்ன நேரத்தில் ஏறாது.

பேட்டைவிட முக்கியம் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 155 டிகிரியை ஏற்றுக்கொள்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் கால் அழுத்துவது பிஸ்டனுக்குப் போகாமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். முதல் நாள் மூன்றாவது செஷனில், நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் பெடல் பாதி தூரம் வெறுமனே உள்ளே போனது. வயிறு அதற்கு முன்பே போய்விட்டது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. வளைவைத் தாண்டி ஓரத்து மண்ணில் இறங்கி, மெல்ல மேலேறி, அப்படியே கார்கள் நிற்கும் பிட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆயில் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கம்தான் பிரேக் பெடல் கிடையாதே.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெடல் புதைந்தால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தாங்கவில்லை. முன்னதுக்கு மருந்து புது ஆயில், பின்னதுக்கு அதிக சூடு தாங்கும் பேட். அந்தப் பேட்டில் சில குளிரில் சரியாகப் பிடிக்காது, சில கீச்சென்று ஊரைக் கூட்டும். அன்றாடம் ஓட்டும் காரில் நடுத்தரமான ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு செஷனின் கடைசி லேப்பையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுவேன். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட மாட்டேன். பழுத்த டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். கியரில் விட்டுவிட்டு இறங்குவதுதான் வழக்கம்.

இந்தச் செலவெல்லாம் சேர்த்தால் பள்ளிக் காரைவிட சொந்தக் கார் மலிவா? முதல் இரண்டு மூன்று நாளுக்கு இல்லை. ஆயில், பேட், டயர், நல்ல ஹெல்மெட் என்று முன்செலவு பிடுங்கிவிடும். ஹெல்மெட்டில் மோட்டார் சைக்கிளுக்கான எம் ரகத்தை வாங்காதீர்கள், கார் பந்தயத்துக்கான எஸ்ஏ ரகத்தில்தான் தீப்பிடிக்காத உள்துணி இருக்கும். நான்கைந்து நாளைத் தாண்டினால் என் கணக்கில் சொந்தக் கார் முந்தியது. உங்கள் கார் கனமாக இருந்தால் இது மாறும். எடை கூடக் கூட டயரும் டிஸ்க்கும் அதிகக் காசு கேட்கும்.

இப்போது அந்த வலது பின் பேட்.

நான் ஓட்டிய டிராக்கில் வலது வளைவுகள் அதிகம். இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் வழுக்கையாகியிருந்தது, அதே டயரின் உள் ஓரத்தில் பள்ளம் அப்படியே இருந்தது. பேட்டையும் டயரையும் சேர்த்துப் பார்த்த பயிற்றுநர் சிரித்துவிட்டார். "நீங்க திருப்பலைங்க. கார் உங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கு."

நடந்தது இதுதான். வளைவுக்குள் வேகம் அதிகமாகப் போய்விடுவேன். முன் டயர் பிடி விட்டு கார் நேராகப் போகப் பார்க்கும். நான் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பேன். ஏற்கெனவே பிடி இழந்த டயரை மேலும் ஒடித்தால் அது வெளி ஓரத்தில் தேய்வதைத் தவிர வேறெதுவும் செய்யாது. காரின் நிலைப்புக் கட்டுப்பாடு என்ற மின்னணு ஏற்பாடு இதைக் கவனித்துவிட்டு உள்பக்கப் பின்சக்கரத்துக்குத் தானாக பிரேக் போட்டு மூக்கை உள்ளே இழுத்திருக்கிறது. வலது வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் வலது பின்சக்கரம். ஒவ்வொரு லேப்பும் நாலைந்து முறை, நாள் முழுக்க. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டியிருக்கும். என் கண் வெளியே இருந்ததால் நான் பார்க்கவில்லை.

பள்ளிக் காரிலும் நான் இப்படித்தான் ஓட்டியிருப்பேன். அங்கேயும் அந்தக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே எனக்கு யாரும் பேட்டைக் கழற்றிக் காட்டவில்லை. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்ற நினைப்போடு வீடு வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு செஷன் முடிந்ததும் காரைச் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. டயரின் ஓரத்திலிருந்து பக்கவாட்டு வரை சாக்பீஸால் கோடு போட்டு, அது எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். அழிவு பக்கவாட்டு வரை இறங்கியிருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது என்று பொருள். ஏர் அளப்பேன். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்தது சூட்டில் 40-ஐத் தொட்டுவிடும், கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். வீல் நட்டை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குவேன். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டருகே இருக்க வேண்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றைக் குடிக்கும். இதெல்லாம் எரிச்சலான வேலைதான். ஆனால் ஒரே கார், ஒரே டயர், ஒரே ஆள் என்பதால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாறியது என்ன என்றால் நான் மட்டும்தான். இந்த ஒப்பீடு பள்ளிக் காரில் கிடைக்காது.

சொந்தக் கார் யாருக்கு வேண்டாம்? கடனில் ஓடும் கார் என்றால் வேண்டாம். முழுதாக நசுங்கினாலும் அடுத்த மாதம் வாழ்க்கை நடக்கும் என்று சொல்ல முடியாத கார் எதுவும் வேண்டாம். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் டிராக் ஓட்டத்தை ஏற்காது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கின் 20.8 கி.மீ. நார்ட்ஷ்லைஃபே பாதையில் காசு கட்டி யாரும் ஓட்டலாம். மோதினால் காருக்கு மட்டுமல்ல, வளைந்த தடுப்புவேலிக்கும் இழுவை வண்டிக்கும் சேர்த்து பில் வரும். உயரமான எஸ்யூவிகளைப் பல அமைப்பாளர்கள் உள்ளே விடமாட்டார்கள். கூரை திறக்கும் காருக்கு, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உருளல் கம்பி கேட்பார்கள். மின்சாரக் காரில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு செஷன் போயிருக்கிறேன், அவ்வளவே; எடையின் காரணமாக டயர் சீக்கிரம் திணறியதைப் பார்த்தேன், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல அது போதாது. மழையிலும் என் அனுபவம் ஒரு அரை நாள்தான். மறுவிற்பனை பற்றிக் கேட்பவர்களுக்கு: டிராக்கில் ஓடிய காரை மறைக்காமல் சொல்லி விற்றால் விலை குறையும், குறையட்டும்.

இன்று மறுபடி ஆரம்பிப்பதானால் ஒரு நாள் மட்டும் பள்ளியில் வழுக்குத்தளத்துக்குப் போவேன். மற்ற நாளெல்லாம் என் காரில், புது பிரேக் ஆயிலோடு.

போன மாதம் அதே மெக்கானிக் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். பின் பேட் இரண்டும் ஒரே மாதிரி, ஒழுங்காக. முன்னால்தான் தேய்ந்திருந்தது, தேய வேண்டிய இடத்தில். நான் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் இடது முன் டயரைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் ஏன் சார் ஓரமாவே சாப்பிட்டிருக்கு?" என்றார்.