பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டி பேசப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பள்ளிப் பிள்ளைகளைப் போட்டி, மாநாடு என்று வெளியூர் அழைத்துப் போகும் ஆசிரியர்களும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவருக்குச் சொந்தமாக வண்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் பணம் வாங்கியவருக்கு ஒரு வண்டியும் கிடையாது. அது எங்களுக்குத் தெரிந்தது மரக்காணம் தாண்டி, நடுரோட்டில், 28 பிள்ளைகளோடு நின்றபோதுதான்.

என் மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். சென்னையில் மாணவப் பத்திரிகையாளர்களுக்கு இரண்டு நாள் மாநாடு என்று அழைப்பு வந்ததும் பள்ளியே அமர்க்களப்பட்டது. அதற்கென்றே ஒரு சிறப்பிதழ் தயார் செய்தார்கள். பாரதியார் புதுச்சேரியிலிருந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தியது, 1918-இல் அங்கிருந்து வெளியே வந்ததும் கடலூர் அருகே கைதாகி இங்கே சிறையில் இருந்தது, இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முழுக்க தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் கரையேறியபோது இந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. தேவனாம்பட்டினத்தில் மீனவர்களிடமும், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் மொத்தமாகச் சாய்ந்துபோன குடும்பங்களிடமும் உட்கார்ந்து பேசி எழுதியிருந்தார்கள். பெரிய பத்திரிகைகளில்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதுவதில்லை, இதை நான் தாய் என்பதால் சொல்லவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு 2,000 ரூபாய் வீதம் 56,000 சேர்ந்தது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர்தான் பாதிப் பேர், அந்த 2,000 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். புதுச்சேரியில் டிராவல்ஸ் நடத்துவதாகச் சொன்ன ஒருவர், 35 சீட் ஏசி பஸ், பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று பேசினார். "நம்ம புள்ளைங்கக்கா, நான் பாத்துக்க மாட்டேனா?" என்றார். முன்பணம் 45,000. ஜிபேயில் அனுப்பும்போது வேறொருவர் பெயர் வந்தது, கேட்டதற்கு மச்சான் கணக்கு என்றார். பில் கேட்டோம், பயணம் முடிந்ததும் மொத்தமாக ஜிஎஸ்டி பில்லே தருகிறேன் என்றார். வண்டி எண் கேட்டோம், முதல் நாள் இரவு அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை.

காலை நான்கு மணிக்கு வரவேண்டிய பஸ் 5.40-க்கு வந்தது. பஸ் இல்லை, 25 சீட் வேன், ஏசி கிடையாது, பின்னால் இருக்கும் அவசர வழியை மறைத்து ஸ்டெப்னியைக் கிடத்தியிருந்தார்கள். டிரைவர் பாவம், ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு வரச் சொன்னார்களாம், தங்குமிடம் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. புரோக்கருக்குப் போன் செய்தால், பெரிய வண்டி பாண்டியில் தயாராக நிற்கிறது, அங்கே மாறிக்கொள்ளலாம் என்றார். அதை நம்பித்தான் ஆசிரியைகள் பிள்ளைகளை ஏற்றினார்கள். பாண்டியில் எந்த வண்டியும் நிற்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு மாநாடு தொடங்குகிறது, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

நம் ஊரிலிருந்து ஈசிஆரில் போனால் முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைகிறோம், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, கனகசெட்டிக்குளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. வண்டி எந்த மாநிலப் பதிவு, பெர்மிட் எது வரை செல்லும் என்பது இந்தச் சாலையில் விளையாட்டு விஷயம் இல்லை. மரக்காணம் தாண்டி மோட்டார் வாகன ஆய்வாளர்கள் நிறுத்தினார்கள். புதுச்சேரிப் பதிவு வண்டி, பெர்மிட் காலாவதி, சீட்டுக்கு மேல் ஆள். வண்டியைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அந்த வேன் அப்படியே சென்னை வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அவர்களே சென்னை போகும் அரசுப் பேருந்துகளைக் கைகாட்டி நிறுத்திப் பிள்ளைகளை இரண்டு பேருந்துகளில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கண்டக்டர் தன் இருக்கையையே வாந்தி எடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடனடிச் செய்தி எழுதும் போட்டி முடிந்துவிட்டது. அதற்காகவே தினமும் மாலையில் உட்கார்ந்து, செய்தித்தாளை வைத்து எழுதிப் பழகிய பிள்ளைகள் ஆறு பேர். நடத்தியவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரம் என்பது விதி, மறுபடி வைக்க முடியாது என்றார்கள். ஒரு பிள்ளை, "அப்பாகிட்ட என்ன மிஸ் சொல்றது?" என்று கேட்டு அழுதாள். அந்த 45,000 திரும்ப வந்தாலும் அவளுக்கு அந்தப் போட்டி வராது. தங்குமிடத்தில் எங்கள் பெயரில் பதிவே இல்லை என்பது மதியம்தான் தெரிந்தது. பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் அறை தேடி அலைய வேண்டாம் என்று தலைமையாசிரியர் போனில் சொல்லிவிட்டார். சாயங்காலமே கிளாம்பாக்கம் வந்து கடலூர் பேருந்து ஏறினோம். இரண்டாம் நாள் மாநாடு எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமலே போனது.

அப்புறம் பணத்தைக் கேட்டால், "மேடம், அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, டீசல் போட்டாச்சு" என்றார். பிறகு 5,000 தருகிறேன் என்றார். இப்போது எங்கள் எண்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டார்.

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மாநாட்டுக் குறிப்பு எடுக்கக் கொண்டுவந்த நோட்டில், வண்டி வந்த நேரம், வண்டி எண், சீட் எண்ணிக்கை, டிரைவர் சொன்னது, எங்கே எவ்வளவு நேரம் நின்றோம், எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, படமும் எடுத்து வைத்திருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தோம். அடுத்து கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வண்டி பேசுபவர்கள் வண்டி எண்ணை வாங்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தகுதிச் சான்றும் காப்பீடும் எது வரை என்று தெரியும், பெர்மிட் நகலை நேரில் கேட்டு வாங்குங்கள். தங்குமிடத்துக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். முடிந்தால் ரயிலில் போங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் எழும்பூர் போய்விடலாம், முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. 2020-இல் பல சலுகைகளை ரயில்வே நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. கல்விச் சுற்றுலாவாகப் போனால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட படிவத்தோடு ஸ்லீப்பரில் பாதிக் கட்டணம்தான், ஆனால் கவுன்டரில் மட்டுமே கிடைக்கும், ஆன்லைனில் கிடைக்காது.

இதே மாதிரி பேக்கேஜில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் நீங்களும் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.