ஃப்ரீசர் பாக்ஸ் முதல் சுடுகாடு வரை: மழைக்காலத்தில் கடலூர், புதுச்சேரி இறுதிச் சடங்கு சேவைகள் எப்படி?

கடலூரிலும் புதுச்சேரியிலும் சாவு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இன்று ஒரே போனில் வந்துவிடுகிறது. ஃப்ரீசர் பாக்ஸ், சாமியானா, நாற்காலி, மாலை, மேளம், சொர்க்க ரதம் எல்லாம் ஒரே ஆளிடம் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் இந்தச் சேவையில் பெரிய குறை எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கரையில் எதையும் எடைபோட வேண்டிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் வெள்ளத்தில் மூழ்கின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் இயற்கையாகச் சாகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் ஃப்ரீசர் பாக்ஸ். பெயர்தான் ஃப்ரீசர், வேலை ஃப்ரிட்ஜ் வேலை. ஆறரை, ஏழு அடி நீளப் பெட்டி, மேலே கண்ணாடி மூடி, தலைமாட்டிலோ கால்மாட்டிலோ கம்ப்ரசர். அது குளிரவைப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றை. உடம்பின் உள் சூடு இறங்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் இறந்து எட்டு, பத்து மணி நேரம் வெறுமனே கிடத்திவிட்டுப் பிறகு பெட்டியில் வைத்தால், தொடங்கிய கெடுதலைப் பெட்டி திருப்பிவிடாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து மகன் வர இரண்டு நாள் ஆகும் என்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டி வந்தாக வேண்டும். நல்ல வாடகைக்காரர் பெட்டியை இறக்கியதும் அரை மணி நேரமாவது காலியாக ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உடலை வைக்கச் சொல்வார். இறக்கிய கையோடு உடலை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

பெட்டி கெட்டுப்போச்சு என்று வரும் புகாரில் பெரும்பாலானவை பெட்டியின் குற்றமல்ல. கம்ப்ரசர் பக்கத்துக் கம்பி வலையைச் சுவரை ஒட்டி வைத்துவிடுகிறார்கள், அல்லது வருகிறவர்கள் போடும் மாலையெல்லாம் அதன்மேல் குவிந்து மூடிவிடுகிறது. சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் நின்றுவிடும். அந்தப் பக்கம் ஓரடி இடைவெளி எப்போதும் வேண்டும். மாலைக்குத் தனியாக ஒரு பெஞ்ச் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, மூடி. முகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் திறந்து திறந்து மூடினால் ஈரக்காற்று உள்ளே போய்க் கண்ணாடி வேர்க்கும், தட்டில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் வடிய அடியில் ஒரு குழாய் இருக்கிறது. அதற்குக் கீழே வாளி வைத்து, வாளியில் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைக்க வேண்டும். குழாய் அடைத்திருக்கிறதா என்று பெட்டி வந்ததுமே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம்.

இனி மழைக்காலத்து விஷயம். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசர் உறுமும், ஓடாது. ஸ்டெபிலைசரோடு வருகிற பெட்டிதான் வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் உடனே ஸ்விட்சைப் போடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருள் எரியும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஓடும்போது 400, 600 வாட்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும்போது அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு கேட்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே விழுந்துவிடும். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒரு பெட்டிக்கும் நாலு லைட்டுக்கும் போதும், அதில் மைக் செட்டையும் மாட்டக்கூடாது. மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் போகும். ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் கையில் வேண்டும். புயல் அடித்த மறுநாள் பங்க் திறந்திருக்காது என்பதால், ஜெனரேட்டர் தருகிறேன் என்பவரிடம் எரிபொருள் யார் பொறுப்பு என்று கேட்காமல் விடக்கூடாது.

இரண்டு ஆபத்துகளை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மழை என்று ஜெனரேட்டரைத் திண்ணையிலோ நடையிலோ வைத்தால் அதன் புகை வீட்டுக்குள் நுழையும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, துக்கம் காத்துத் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். தகரத்தால் மழைமறைப்பு கட்டி வெளியில்தான் வைக்க வேண்டும். அடுத்தது ஷாக். ஈரத் தரை, வெறுங்கால், பெட்டியைக் கட்டிக்கொண்டு அழும் பெண்கள், எர்த் இல்லாத இரண்டு முனை பிளக். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.சி.பி.) வழியாக மட்டுமே பெட்டிக்கு இணைப்பு கொடுக்க வேண்டும். பெட்டியைப் பலகை மேலோ செங்கல் மேலோ ஏற்றி வைக்க வேண்டும். முற்றத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் முதலில் பிடுங்க வேண்டியது அந்த பிளக்கைத்தான், குளிர் போனால் போகட்டும். மூடியைத் திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேரமாவது குளிர் நிற்கும்.

அதற்குமேல் கரண்டுக்கு வழியில்லை என்றால் ஐஸ் பார் வாங்கி அடுக்குவது வழக்கம். அது உருகி அழுக்குத் தண்ணீராக வீடெல்லாம் ஓடும், உடலும் ஊறும். உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) கிடைத்தால் ஓர் உடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ, உடலைச் சுற்றி வைக்க வேண்டும், மேலே வைக்கக்கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளத்தில் அது கிடைப்பது அபூர்வம். சொந்தக்காரர்களுக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிடுவதுதான் பல நேரங்களில் சரியான முடிவு.

சொர்க்க ரதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற இலவச எண்ணில் தமிழ்நாடு அரசின் அமரர் ஊர்தி இருக்கிறது, நல்ல சேவை. தனியார் வண்டிகளில் பெரும்பாலானவை தாழ்வான வேன்கள். சைலன்சர் முழுகும் தண்ணீரில் இறங்கினால் பாதி வழியில் நின்றுவிடும். அப்படி நின்றால் உடலைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆறு ஆள் வேண்டும், அதற்கு மூங்கில் பாடை தயாராக இருக்க வேண்டும். ரதம் வருகிறது என்று பாடை கட்டாமல் விட்டுவிடுவது மழைக்காலத்தில் கூடாது.

தகனத்துக்கு வருவோம். எரிவாயு தகன மேடை மழையிலும் நனையாத ஏற்பாடு, ஊதுவிசிறிக்குக் கரண்ட் இருக்கும் வரை. ஜெனரேட்டர் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்பது இரண்டு தனிக் கேள்விகள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் மேடைக்குக் கொண்டுபோகும் முன்பே மருத்துவமனையில் எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். பாயில் சுற்றிய சில்லறை, இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது. திறந்தவெளிச் சிதைக்கு 300 முதல் 400 கிலோ காய்ந்த விறகு, கூடவே வறட்டி. காய்ந்த என்பதுதான் முக்கியம். புயல் முடிந்ததும் முந்திரியும் பலாவும் சவுக்கும் சாய்ந்து கிடக்கும், விறகுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அத்தனையும் பச்சை. எரிகிற சூடு முழுக்க மரத்திலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், உடல் பாதியில் நின்றுவிடும். பிறகு டயர் போடுவார்கள். அது இறந்தவருக்குச் செய்கிற அவமரியாதை, எரிக்கிற பணியாளரின் நுரையீரலுக்கும் கேடு. ஊராட்சி ஒவ்வொன்றும் புரட்டாசிக்குள் இரண்டு சிதைக்கான விறகை, 800 கிலோவுக்குக் குறையாமல், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, கூரையின் கீழ் அடுக்கி வைத்தால் போதும். இதைச் செய்கிற ஊர்களையும் செய்யாத ஊர்களையும் கார்த்திகையில் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

புதைப்பதுதான் இந்தக் கரையில் கடினமான வேலை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோத்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் மண் முழுக்க மணல். கோடையில் ஐந்தடி வரை உலர்ந்திருக்கும் இடத்தில் கார்த்திகையில் இரண்டு அடியிலேயே தண்ணீர் ஊறும். செங்குத்தாக வெட்டினால் பக்கச்சுவர் சரியும், குழிக்குள் நிற்பவர் புதையும் ஆபத்தும் உண்டு. வாயை அகலமாக எடுத்து, பக்கங்களைச் சரிவாக வெட்டி, பலகையோ மணல் மூட்டையோ முட்டுக் கொடுத்து இறங்க வேண்டும். பேரிடர் உடல்களைக் கையாள உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் தரும் அளவு இது: குழி ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழம், மணலில் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டர் தூரம். தமிழ்நாட்டு ஊராட்சி விதி குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைக்கக்கூடாது என்கிறது. மழைக்காலத்துக் கடலோரத்தில் இந்த இடைவெளியைப் பள்ளம் தோண்டி அடைய முடியாது. மேட்டில்தான் அடைய முடியும். ஆகவே இடுகாட்டில் ஒரு மூலையையாவது மண் கொட்டி எட்டடி உயர்த்தி, மழைக்காலத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

சவப்பெட்டியில் புதைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆறரை அடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரப் பெட்டி சுமார் 550 லிட்டர் இடத்தை அடைக்கும். பெட்டியும் உடலுமாகச் சேர்ந்து 100 கிலோ என்றால், இறுக மூடிய பெட்டி தண்ணீரில் 450 கிலோ விசையோடு மேலே தள்ளும். அதன்மேல் ஓரடி மண் மட்டும் இருந்தால், ஊறிய மண்ணின் நிகர எடை 350 கிலோ அளவுதான். பெட்டி கிளம்பிவிடும். இரண்டரை அடி மண் இருந்தால் நிற்கும். அல்லது பெட்டியின் அடிப்பலகையில் ஐந்தாறு துளை போட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து மிதப்பு போய்விடும். வீட்டார் சங்கடப்படுவார்கள், ஆனாலும் சொல்லிச் செய்ய வேண்டியது இது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஹார்டின் ஊர் இடுகாட்டை 1993 வெள்ளம் அறுத்து, 700க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளை அடித்துப்போனது. அவற்றைத் தேடி எடுத்து அடையாளம் காண்பதுதான் அந்த ஊருக்கு வெள்ளத்தைவிட நீண்ட வேலையாக இருந்தது. பேரிடரையும் இடுகாட்டையும் சேர்த்து ஆராயும் சமூகவியல் துறையில் இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யார் எங்கே கிடக்கிறார் என்று எழுதி வைத்த பதிவேடு ஊரிடம் இருந்ததா என்பதே அங்கே முதல் கேள்வி. நம் இடுகாடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பதிவேடு கிடையாது. குழி எண், பெயர், தேதி, ஒரு கல்லிலிருந்து எத்தனை தப்படி, இதை ஒரு நோட்டில் எழுத ஐந்து நிமிடம் போதும்.

1995 ஜூலையில் சிகாகோவில் வெயிலுக்கு ஒரே வாரத்தில் 700 பேருக்கு மேல் இறந்தபோது பிணவறை நிரம்பி, குளிர்சாதன லாரிகளை நிறுத்தி உடல்களை வைத்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் வெயிலை மட்டும் காரணம் சொல்லவில்லை. தனியே வாழ்ந்து, தனியே செத்து, கேட்க ஆளில்லாமல் கிடந்தவர்கள் யார், எந்தத் தெருவில் என்று பார்த்தார். அதே கேள்வியை இங்கே கேட்டால் பதில் சுடுகாட்டுப் பாதையில் கிடக்கிறது. எந்தக் காலனிச் சுடுகாட்டுக்குப் போகப் பாதை அடுத்தவர் வயல் வழியாகவோ ஓடைக்குள் இறங்கியோ போகிறதோ, அங்கேதான் மழையில் உடலை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போகிறார்கள். ஊர்த் தெருவுக்கு மேட்டுச் சுடுகாடு, காலனிக்கு ஓடையோரம் என்று பிரித்து வைத்த ஏற்பாட்டை எந்த வாடகைக் கடையும் சரிசெய்ய முடியாது. எவ்வளவு நல்ல ஃப்ரீசர் பாக்ஸ் கொடுத்தாலும், பாதை இல்லாத இடத்தில் எங்கள் மதிப்பெண் பூஜ்யம்தான். இருக்கிற மேட்டுச் சுடுகாட்டைப் பொதுவாக்குவது, இல்லையென்றால் ஒரு சின்னப் பாலமும் மண் ரோடும் போடுவது, இரண்டும் ஊராட்சியின் வேலை, கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

காகிதம் கடைசி. வீட்டில் இறந்தாலும் 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியோ, சுவர் விழுந்தோ, கரண்ட் அடித்தோ இறந்தவர் என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடியாமல் எடுக்கவே கூடாது. பேரிடர் இறப்புக்கு அரசு தரும் 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு அந்த அறிக்கை வேண்டும். சாலை துண்டித்துப் போலீஸ் வர முடியாத ஊரில், கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லி, உடல் கிடந்த இடத்தையும் முகத்தையும் உடுப்பையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அடையாளம் தெரியாத உடல் கரை ஒதுங்கினால் எரிக்கக்கூடாது. ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைப் பிளாஸ்டிக் அட்டையில் நனையாமல் உடலோடு கட்டி, தனிக்குழியில் புதைக்க வேண்டும், அதே எண் குழிமேலும் நிற்க வேண்டும். எண்ணும் போட்டோவும் இருந்தால் ஆறு மாதம் கழித்துத் தேடி வருகிற குடும்பத்துக்கும் காட்ட ஏதோ இருக்கும்.