சாதா பிரெட் மெஷினில் அரிசி மாவு பிரெட் வருமா?

வரும். ஆனால் ‘பேசிக்’ பட்டனை அமுக்கிவிட்டுப் போனால் வராது, செங்கல்தான் கிடைக்கும். குளூட்டன் (கோதுமையில் உள்ள பசைப் புரதம்) சேராதவர்களுக்காக மெஷின் வாங்குபவர்கள் கடையில் முதலில் பார்க்க வேண்டியது: பிசைய ஒரு ப்ரோகிராம், சுட மட்டும் ஒரு ப்ரோகிராம் என்று தனித்தனியாக இருக்கிறதா? இருந்தால் போதும். ‘குளூட்டன் ஃப்ரீ’ பட்டன் உள்ள விலை கூடின மாடல் தேவையே இல்லை.

பேசிக் ப்ரோகிராம் கோதுமைக்காக அமைத்தது. இரண்டு முறை பிசையும். பொங்கிவந்த மாவை, பாத்திரத்தின் அடியில் சுழன்று பிசையும் துடுப்பு மறுபடியும் அமுக்கும். மைதா குளூட்டனின் இழுவையால் திரும்ப எழும்பும். அரிசி மாவில் போன காற்று போனதுதான்.

1 கிலோ பிரெட் பாத்திரத்துக்கான அளவு: பச்சரிசி மாவு 250 கிராம், மரவள்ளிக்கிழங்கு மாவு 100, கார்ன்ஃப்ளார் 50, இசப்கோல் (மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் விதை உமி) 20, சர்க்கரை 20, உப்பு 7, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6. தண்ணீர் 340 மில்லி, முட்டை 2, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. முட்டை வேண்டாதவர்கள் தண்ணீரை 420 மில்லி ஆக்கலாம், உயரம் கொஞ்சம் குறையும். மாவைப் பிடித்து நிறுத்துவது இசப்கோல்தான், அதைக் குறைக்காதீர்கள். மெடிக்கலில் வாங்கும்போது இனிப்போ ஆரஞ்சு வாசனையோ சேர்க்காததாகக் கேளுங்கள்.

முதலில் நீர்ப்பொருள், மேலே கலந்து வைத்த மாவு. பிசையும்போது மூலைகளில் மாவு ஒட்டி நிற்கும். சிலிகான் கரண்டியால் வழித்துவிட வேண்டும். பதம் கெட்டியான வடை மாவு. சப்பாத்தி மாவு போல உருண்டால் தண்ணீர் போதவில்லை. பிசைந்து முடித்ததும் மெஷினை நிறுத்தி, துடுப்பை உருவிவிட்டு, ஈரக்கையால் மேலே தடவிவிடுங்கள். மாவு ஒன்றரை மடங்கு எழும்பியதும் ‘பேக்’ 65 நிமிடம். இரட்டிப்பாகும்வரை விட்டால் வேகும்போது நடுவில் குழி விழும். மார்கழியில் 50 நிமிடம் ஆகிற எழுச்சி சித்திரையில் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது நல்லது.

டெல்டாவில் பிரெட் தோற்பது பெரும்பாலும் அரிசியால். தை அறுவடையின் புது அரிசி பொங்கலுக்குக் குழைவது அழகு, பிரெட்டில் அதுவே நடுவில் களியாக நிற்கும். ஆறு மாதமாவது ஆன அரிசி வேண்டும். அதிரசத்துக்கு இடிப்பது போன்ற ஈர மாவும் சரிவராது. எடையில் பாதி மாவா தண்ணீரா என்றே தெரியாது. உலர் மாவை இரண்டு முறை சலியுங்கள், இல்லாவிட்டால் வாயில் மணல் போல நெருடும். 50 கிராம் மாப்பிள்ளைச் சம்பா மாவு மாற்றிப் போட்டால் நிறமும் மணமும் அருமை. அதற்கு மேல் போனால் கனக்கும்.

சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) உள்ள வீடு என்றால் தெரு மாவு மில்லைத் தவிர்த்தே ஆக வேண்டும். முன்னால் கோதுமை அரைத்திருந்தால் கல்லில் தங்கியதெல்லாம் உங்கள் மாவில் வரும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட இந்திய விதி அனுமதிக்கும் வரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். அதே பாத்திரத்தில் கோதுமை பிரெட்டும் சுடக் கூடாது. துடுப்பு மாட்டும் அச்சின் இடுக்கு கழுவினாலும் முழுசாகச் சுத்தமாகாது. கூடுதல் பாத்திரம், துடுப்பு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள்.

மேல்தோல் வெளுத்தே இருக்கும், மூடியில் ஹீட்டர் இல்லை. பிரெட்டை உடனே வெளியே எடுத்து, கம்பி வலைமேல் இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் வெந்ததும் வேகாததாகத் தெரியும். மறுநாளே இறுகிவிடும் என்பதால் அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது டோஸ்ட் செய்துகொள்ளலாம்.