மீன்தொட்டிக்கான அக்வா சாயில்: எந்தச் செடிக்கு வாங்கலாம்?

செடி வளர்க்கும் மீன்தொட்டிகளுக்கென்று விற்கப்படும் அக்வா சாயில், ஊட்டம் மிகுந்த களிமண்ணைச் சூட்டில் பதப்படுத்திச் சிறு குருணைகளாக ஆக்கிய அடிமண் ஆகும். சாதாரணச் சரளையைவிட விலை கூடிய இந்த மண்ணை வாங்கத்தான் வேண்டுமா என்பதை, தொட்டியில் நடவிருக்கும் செடிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எல்லாச் செடியும் இதில் செழிக்கும் என்ற தோற்றத்தைத் தரும் பொட்டலத்துப் படங்களை நம்பிவிடக் கூடாது.

கிரிப்டோகொரைன், அமேசான் சுவார்ட், வாலிஸ்நேரியா போன்றவை தமக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெருமளவு வேர் வழியாக எடுத்துக்கொள்பவை. வெறும் சரளையில் நோஞ்சானாக நிற்கும் இச்செடிகள் இந்த மண்ணில் வேரூன்றிய பின் அடுத்தடுத்து இலை விடுவதைப் பார்த்தால், கொடுத்த பணம் பெரிதாகத் தோன்றாது. கிரிப்டோகொரைன் மட்டும் இடம் மாறியதும் பழைய இலைகளைக் கரையவிடும் இயல்புடையது என்பதால், மண்ணைக் குறை சொல்லிச் செடியைப் பிடுங்கி எறியாமல் சில வாரங்கள் பொறுத்திருந்தால் வேரிலிருந்து புதுத் தளிர் வரும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டுமே உள்ள தொட்டிக்கு இதை வாங்குவது வீண் செலவு. அவற்றின் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி வைப்பதே முறை.

பொறுமையைச் சோதிப்பது முதல் மாதம்தான். இவ்வகை மண்ணில் பல, நீரில் அமோனியாவைக் கசியவிடுகின்றன. செடிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டாலும், மீனுக்கும் இறாலுக்கும் அது நஞ்சு என்பதால், அடிக்கடி பாதி நீரை மாற்றி, சோதனைத் திரவத்தில் அமோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை உயிர்களை விடாமல் காத்திருக்க வேண்டியிருக்கும். இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீன் வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவராது.

மேலும், இந்த மண் நீரின் கார்பனேட் கடினத்தன்மையை (கரைந்துள்ள கார்பனேட் உப்புகளின் அளவை) குறைத்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7-க்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம், இறக்குகிறது. நியான் டெட்ராவுக்கும் காரிடினா இறாலுக்கும் உகந்த இந்த மென்னீர், மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களுக்குச் சற்றும் பொருந்தாது. கடினமான குழாய்நீரை ஊற்ற ஊற்ற, பிஎச்சைத் தாழ்த்தும் மண்ணின் திறன் விரைவில் தீர்ந்துவிடும்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 9 லிட்டர் மண் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். முன்புறம் 3, பின்புறம் 7 என்று சரிவாக இட்டாலும் அதே அளவு போதும். கழுவினால் குருணை உடைந்து சேறாகும் என்பதால் அப்படியே கொட்டி, மேலே ஒரு தட்டை வைத்து நீரை மெல்ல ஊற்ற வேண்டும். செடிகளை அடிக்கடி பிடுங்கி இடம் மாற்றுபவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் கலங்கும் நீரே பெரிய தொல்லையாக இருக்கும்.

ஓரிரு ஆண்டுகளில் மண்ணின் ஊட்டம் குறைந்துவிடும். அதன்பின் வேரடி உர மாத்திரைகளைப் புதைத்துச் சமாளிக்கலாம். வாலிஸ்நேரியா மட்டும் வளர்ப்பவர், முதலிலிருந்தே சரளையையும் அந்த மாத்திரைகளையும் கொண்டு இதே பலனைக் குறைந்த செலவில் பெறலாம்.