உள்ளாட்சிப் பாடத்துக்கு மூத்த பேராசிரியர்: எந்த வழியில் எடுக்கலாம்?

அரசியல் அறிவியல் துறைக்கு நகராட்சி, மாநகராட்சி நிர்வாகத்தில் தேர்ந்த ஒருவர் வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்துக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. நேரடிப் பேராசிரியர், முதுநிலைப் பேராசிரியர் இரண்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி. களத்தில் பணியாற்றிய வல்லுநரைக் கற்பிக்க அழைக்கும் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ அதே குழுவின் 2022 வழிகாட்டுதலின்படி.

நேரடிப் பேராசிரியர்

முனைவர் பட்டம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 10 ஆண்டு அனுபவம், முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டிய சான்று, 120 ஆய்வு மதிப்பெண். சம்பளம் 14-ஆம் நிலை, தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.1,44,200.

உள்ளாட்சி ஆய்வாளர்கள் தடுக்கி விழுவது அந்த 120-இல்தான். நகராட்சிகளோடு வேலை செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி அரசுக்கான கொள்கை ஆவணமாகப் போகும். மாநில அளவிலான கொள்கை ஆவணத்துக்குக் கிடைப்பது 4 மதிப்பெண். அதையும் சிறப்புரைகளையும் சேர்த்து மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டுக்கு மேல் கணக்கில் வராது. கட்டுரை, நூல், ஆய்வு வழிகாட்டல் போன்ற பிரிவுகளில் குறைந்தது மூன்றிலிருந்து மதிப்பெண் வர வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஆளுக்கு 70 விழுக்காடுதான். களத்தில் நல்ல பெயர் எடுத்தவர் பரிசீலனையிலேயே கழிந்துபோவது இதனால்தான். விண்ணப்பப் படிவத்திலேயே பிரிவுவாரியாகக் கணக்கு எழுதவைத்தால், பின்னால் வரும் தகராறு பாதி குறையும்.

அடுத்த சிக்கல் ஆட்சேர்ப்பு அறிவிக்கை. ‘நகராட்சி நிர்வாகத்தில் சிறப்புத் தகுதி கட்டாயம்’ என்று இறுக்கினால் தேர்வு செய்யப் போதிய ஆட்கள் வரமாட்டார்கள். ‘அரசியல் அறிவியல்’ என்று மட்டும் போட்டால் பன்னாட்டு உறவு படித்தவர்கள் குவிவார்கள். பொது நிர்வாகத்தில் பட்டம் பெற்றவர் தகுதியுள்ளவரா என்பது நீதிமன்றம் வரை போகும். எந்தெந்தத் துறைப் பட்டங்கள் தொடர்புடையவை என்று அறிவிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 73, 74-ஆவது திருத்தங்கள், உள்ளாட்சி நிதி, நகரத் திட்டமிடல் ஆகியவற்றில் ஆய்வு இருப்பதை ‘விரும்பத்தக்கது’ என்று வைத்தால் போதும்.

தேர்வுக் குழுவில் துணைவேந்தர் நியமிக்கும் பாட வல்லுநர்கள் மூவர். அவர்களில் ஒருவராவது உள்ளாட்சி ஆய்வாளராக இல்லையென்றால் அறிவிக்கையில் செய்த கவனம் எல்லாம் வீண்.

முதுநிலைப் பேராசிரியர்

பேராசிரியராக 10 ஆண்டு கழித்தவருக்கான பதவி, 15-ஆம் நிலை. பல்கலைக்கழகத்தின் அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் இடங்களில் 10 விழுக்காடு வரைதான் அனுமதி. மூன்று வல்லுநர்களின் சாதகமான மதிப்பீடு வேண்டும். ஏற்கெனவே வலுவான துறைக்கு இது நல்ல மகுடம். காலி இடத்தை நிரப்ப நினைக்கும் துறைக்குப் பொருந்தாது.

புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்

ஓய்வுபெற்ற மாநகராட்சி ஆணையரையோ நகரத் திட்டமிடுநரையோ கொண்டுவர இதைவிட நேரான வழி இல்லை. 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டமோ கட்டுரையோ கட்டாயமில்லை. முதலில் ஓராண்டு வரை, பிறகு நீட்டிக்கலாம். சாதாரணமாக 3 ஆண்டு, விதிவிலக்காக 4. ஆசிரியப் பணியில் இருப்பவரையோ அதிலிருந்து ஓய்வு பெற்றவரையோ எடுக்க முடியாது.

இந்த நியமனம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குப் புறம்பானது. காலியான பேராசிரியர் இடத்தை இதைக் காட்டித் தள்ளிப்போடுவது துறைக்குச் செய்யும் பெரும் கேடு. முனைவர் பட்ட நெறியாளராக நிரந்தர ஆசிரியர்தான் இருக்க முடியும் என்கிறது 2022 முனைவர் பட்ட விதிமுறை. ஆகவே புரொபசர் ஆஃப் பிராக்டிஸ் மட்டும் இருந்தால் வகுப்பு கலகலப்பாகும், அவரிடம் ஆய்வு மாணவர் ஒருவரும் சேர முடியாது.

எங்கள் தேர்வு: ஆய்வை வளர்க்க வேண்டிய துறைக்கு நேரடிப் பேராசிரியர், அவரோடு முடிந்தால் ஒரு புரொபசர் ஆஃப் பிராக்டிஸ். ‘மூத்தவர்’ என்ற ஆசையில் ஒன்றை மறக்கக்கூடாது. ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வு மாணவரை ஏற்க முடியாது. ஓய்வு வயது 60 என்றால் 57-ஐத் தாண்டியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். பேராசிரியருக்கு 8 மாணவர் வரை அனுமதி இருந்தும் பயனில்லை.

நேர்காணலில் கட்டுரைப் பட்டியலை மறுபடி வாசிக்கவிடாமல், ஒரு நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டு நகராட்சியானால் வருவாய் நிதியையும் குடிநீர், வடிகால் நிதியையும் பிரித்துப் படித்து, சொத்து வரி எங்கே வருகிறது, மாநில நிதிப் பகிர்வு இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று அவர் விளக்கட்டும். அரைமணி நேரம் இதற்கே ஒதுக்கலாம்.